முக்கால் பர்லாங் இறங்கிய ஸ்டோர்

போடிமெட்டு
19.11.1982

தம்பி சின்னச்சாமிக்கு அக்கா வேலுத்தாய் எழுதுவது.

நலம் என்று எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழித்தேன். உயிரோடு இருக்கிறேன், கை கால் சுகம். மற்றதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். ரோடு மூன்று இடத்தில் அறுந்து கிடப்பதால் ஜீப்பு ஏறுவதில்லை. நடந்து இறங்குகிற ஆள் ஒருவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். போடியில் தபாலில் போடுவார்.

போன வெள்ளிக்கிழமை நம் ஏலத்தோட்டம் போய்விட்டது. ஒன்பது நாளாக விடாத மழை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஓடைத் தண்ணீர் தோட்டத்துக்குள் திரும்பிவிடுமோ என்று நான் மேலே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடை நின்றுவிட்டது. அத்தனை மழையில், அத்தனை தண்ணீர், யாரோ அடைத்த மாதிரி நின்றது. காலுக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. திரும்பினால் நம் ஏலக்காய் ஸ்டோர் போய்க்கொண்டிருக்கிறது.

இடிந்து விழவில்லை, தம்பி. போய்க்கொண்டிருந்தது. காய் உலர்த்துகிற அடுப்பு எரிந்தபடி, புகைபோக்கியில் புகை வந்தபடி, சரிவில் கீழ்நோக்கிப் போனது. பாரவண்டி போகிற வேகம்தான். அதைச் சுற்றி இருந்த இரட்டைப் பலா, யானைக்கல், முனி கல், இரண்டு ஏக்கர் ஏலத் தூர் எல்லாம் வரிசை குலையாமல் கூடவே போயின. பலாமரத்தில் உட்கார்ந்திருந்த காக்கை கூடப் பறக்கவில்லை. நான் பக்கவாட்டில் ஓடினேன். எதற்காக அப்படி ஓடினேன் என்பதை இப்போது எழுத வரவில்லை. முக்கால் பர்லாங் போய், கீழ்ப்பக்கத்து ராக்கையா தோட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. நான் அதன் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மீதிப் பன்னிரண்டு ஏக்கரும் பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது. மேலே இப்போது கழுவித் துடைத்த பாறைதான் இருக்கிறது. உன் மச்சான் உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு தூராக வைத்த இடம். ஒரு ஏலத் தட்டைகூட இல்லை.

நீதான் இரண்டு வருஷத்துக்கு முன் என்னை நச்சரித்து ஸ்டோருக்கு இன்சூரன்ஸ் போட வைத்தாய். தீ, வெள்ளம், மலைச்சரிவு எல்லாம் சேர்த்து எழுதினாய். இப்போது கிளெய்ம் பாரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மெட்டு வாத்தியார் படித்துச் சொன்னார். முதல் கேள்வியே, சேதமடைந்தது எது? நான் எதை எழுத? ஒரு தகரம் பெயரவில்லை. சுவரில் கீறல் இல்லை. உள்ளே தட்டுகளில் கிடந்த காய்கூடப் பச்சை மாறாமல் காய்ந்திருந்தது. ஆனால் எனக்கென்று இந்த மலையில் காலூன்ற இடமில்லை. ஸ்டோர் இருப்பது ராக்கையா நிலத்தில். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. இந்த இன்சூரன்ஸ் வந்தால் எங்காவது ஒரு துண்டு குத்தகைக்குப் பிடித்து மறுபடி ஆரம்பிப்பேன். வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிலமலைக்கு இறங்கி, அடுத்தவர் காட்டில் களை எடுக்க வேண்டியதுதான்.

என்ன எழுத வேண்டும் என்று வெரசாகச் சொல்.

உன் அக்கா,
வேலுத்தாய்


மதுரை
26.11.1982

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது பயந்தேன். இரண்டாம் தடவை, அக்காவுக்குக் காய்ச்சல் அடித்திருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் பாலிசியை எடுத்துப் படித்தேன். அதிலிருந்து எனக்குக் காய்ச்சல்.

இந்த இன்சூரன்ஸ் ஆபீஸின் கிளெய்ம் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். எரிந்த ஆலை, முங்கிய கிடங்கு, கவிழ்ந்த லாரி எல்லாம் பார்த்திருக்கிறேன். நடந்துபோன கட்டடத்தை எந்த விதியிலும் பார்த்ததில்லை. நம் பாலிசி காப்பது கட்டடத்தையும் அதற்குள் இருக்கும் சரக்கையும். இரண்டும் சுகமாக இருக்கின்றன. போனது மண்ணும் செடியும். அவற்றை யாரும் இன்சூர் செய்வதில்லை. மலையே கிளம்பிப் போகும் என்று எந்த ஆபீஸ்தான் நினைத்து எழுதும்?

இதைவிடப் பெரிய குற்றம் என் பேரில் இருக்கிறது. மலையில் அளந்து நட்ட கல் கிடையாது என்பதால், நம் ஊரில் பத்திரம் எழுதுகிற பழக்கத்தில், ஸ்டோர் இருக்கும் இடத்துக்கு நான்தான் நாலு பக்கச் சக்குபந்தி எழுதிக் கொடுத்தேன். வடக்கே இரட்டைப் பலா, கிழக்கே யானைக்கல், மேற்கே முனி கல், தெற்கே ராக்கையா தோட்டம். எல்லை கூடவே நடந்து வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மேனேஜர் பாலிசியையும் உன் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சின்னச்சாமி, ஒங்க அக்கா ஸ்டோர் நாம எழுதுன எடத்துலதானே இருக்கு? இதுல நஷ்டம் எங்கய்யா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

நீ சிலமலைக்கு இறங்கிக் களை எடுப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் படிக்க வைத்தவள் நீ.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஏலக்காய் ஸ்டோரில் தீப்பிடிப்பது புதிய விஷயம் இல்லை. அடுப்புக் குழாய் சிவந்து ஒரு பொறி காய்த் தட்டில் விழுந்தால் போதும். பாலிசியில் முதல் வார்த்தையே தீதான். தீ என்றால் எல்லை எங்கே, பலா எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடு.

சின்னச்சாமி


போடிமெட்டு
1.12.1982

சின்னச்சாமிக்கு,

கிழிக்கவில்லை. பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன் பிள்ளைகள் பெரியவர்களானதும் காட்டுவதற்கு ஆகும்.

முன் கடிதத்தில் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். இப்போது கோபத்தில் எழுதுகிறேன். அந்த ஸ்டோர் காலியாகப் போகவில்லை. உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். காய் தரம் பிரிக்கிற பொம்பளைகள் ஒன்பது பேர், அடுப்புப் பார்க்கிற பால்சாமி, பிறகு உன் மருமகள் செல்லக்கிளி. நான் பெற்ற ஒரே பிள்ளை. நான் எதற்கு ஓடினேன் என்று இப்போது தெரிகிறதா?

ஓடினேன், தம்பி. காலில் செருப்பு இல்லை, சேலை எங்கே சிக்கியது என்று தெரியாது. ஸ்டோர் நின்றது. நானும் நின்றேன். கதவுக்குப் பக்கத்தில் போகப் பயந்து நின்றேன். அப்போது கதவு உள்ளிருந்து திறந்தது. ராமுத்தாய் முறத்தோடு வெளியே வந்து சண்டைக்கு நிற்கிற மாதிரி இடுப்பில் கை வைத்தாள். "என்னக்கா, மழை விட்டுருச்சா? ஆமா, இது யாரு தோட்டம்?" என்று கேட்டாள்.

அவர்களுக்கு எதுவுமே தெரியாது! தலை கிறுகிறுத்ததாம். மத்தியானம் சாப்பிடாத மயக்கம் என்று ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டிருந்தார்களாம். அடுப்படியில் நின்ற பால்சாமி மட்டும் வெளியே பார்த்திருக்கிறார். "மரமெல்லாம் மேல போச்சு தாயி. நாம எறங்குறமா, மலை ஏறுதான்னு வெளங்கல" என்றார். அப்படியும் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன்யா என்றேன். "அடுப்பு அணைஞ்சா காய் கெட்டுப்போகும்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மூன்றாம் நாள் செல்லக்கிளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆத்தா, தொட்டில்ல போட்டு எறக்குன மாதிரி இருந்துச்சு" என்றாள்.

சுற்றிலும் பன்னிரண்டு ஏக்கர் மலை உடைந்து விழுந்தபோது, பதினோரு பேரை ஒரு சிராய்ப்பு இல்லாமல் கொண்டுவந்து வைத்த வீடு அது. நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனாலும் எந்தக் கோயிலிலும் எனக்கு இப்படி மயிர் சிலிர்த்ததில்லை. அதைக் கொளுத்தச் சொல்லி ஆபீஸ் தாளில் எழுதுகிறாய். வெட்கமாக இல்லை? உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வேலுத்தாய்


மதுரை
6.12.1982

அக்கா,

செல்லக்கிளி உள்ளே இருந்தாள் என்ற இடத்துக்கு வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன். நீ திட்டியதெல்லாம் சரி. என்னை மன்னித்துவிடு. அந்தக் கடிதத்தை நீ வைத்திருப்பதும் சரிதான். நான் எழுதியதை நான் மறக்கக் கூடாது.

இப்போது நேர்வழியாக ஒன்று சொல்கிறேன், கேள். கட்டடம் இடியாமல் நின்றாலும், அதை அதன் சொந்தக்காரர் பயன்படுத்தவே முடியாது என்றால், முழு நஷ்டமாக எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அடுத்தவர் நிலத்தில், அறுந்த ரோட்டுக்குக் கீழே, எப்போது மறுபடி சரியுமோ என்ற இடத்தில் நிற்கிற ஸ்டோரை யார் பயன்படுத்துவார்கள்? இதில் பொய் எதுவும் இல்லை. மேனேஜரிடம் பேசிவிட்டேன். சர்வேயர் பார்த்து எழுதினால் பணம் கொடுக்கத் தடையில்லை என்றார்.

டிசம்பர் பதினேழாம் தேதி சுந்தரராஜ் என்ற சர்வேயர் வருகிறார். அதிகம் பேசாதவர். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவார். ஒரு எழுத்து கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். அதனால் அவர் வந்து போகிற வரைக்கும் ஸ்டோரைப் பூட்டி வை. அடுப்பைப் பற்ற வைக்காதே. யாரும் உள்ளே போகக் கூடாது. அதற்குள் வேலை நடப்பதை அவர் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

இன்னும் பதினொரு நாள்தான், அக்கா. சாவியை உன் முந்தானையில் முடிந்துகொள்.

செல்லக்கிளிக்கு மாமா விசாரித்ததாகச் சொல்.

சின்னச்சாமி


போடிமெட்டு
12.12.1982

தம்பிக்கு,

பூட்டிவிட்டேன். நீ சொன்னபடி சாவி முந்தானையில்தான் இருக்கிறது. நானும் செல்லக்கிளியும் பால்சாமி வீட்டில் ஒண்டியிருக்கிறோம்.

மற்ற தோட்டங்களில் வேலைக்கு ஆள் ஏற மறுக்கிறது. சரிவைப் பார்த்த பயம். ஆனால் நம் பொம்பளைகள் ஒன்பது பேரும் சிலமலையிலிருந்து நடந்தே வந்து ஸ்டோரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சோலி இல்லை, கூலி இல்லை, எதற்கடி வருகிறீர்கள் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். கருத்தம்மா நேற்று ஒரு முழம் பூ கொண்டுவந்து பூட்டில் சுற்றிவிட்டாள்.

ராக்கையாவும் தினம் வருகிறார். எதிரே கல்லில் உட்கார்ந்து ஸ்டோரையே பார்ப்பார், பீடி குடிப்பார், எழுந்து போய்விடுவார். அவருடைய இரண்டு ஏக்கர் ஏலம் என் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. அவருக்கு இன்சூரன்ஸ் எல்லாம் இல்லை. ஒரு வார்த்தை ஏசினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

மேலும் ஒன்று. கீழே வந்த ஏலத் தூரெல்லாம் பட்டுப்போகும் என்று நினைத்தேன். புதுப் பூச்சரம் விட்டிருக்கிறது.

மறுபடி மழை பிடித்திருக்கிறது. சர்வேயரை வெரசாக அனுப்பி வை.

வேலுத்தாய்


மதுரை
28.12.1982

அக்கா,

சுந்தரராஜ் சாரின் ரிப்போர்ட் முதல் பக்கத்தை மேனேஜர் மேஜையில் பார்த்தேன். "நான் சென்றபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்பது பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். எல்லாத் தட்டுகளிலும் காய் இருந்தது. கட்டடம் முழுப் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதியிருக்கிறார்.

உனக்கு நான் என்ன எழுதினேன்? பதினோரு நாள் பூட்டி வை என்று எழுதினேன். பத்து நாள் பூட்டி வைத்திருந்து கடைசி நாளில் ஏன் திறந்தாய்? யார் கெடுத்தது? அந்தப் பால்சாமியா? நான் மேனேஜர் காலில் விழாத குறையாகப் பேசி வாங்கிய சந்தர்ப்பம் அது. இனி யாரிடம் போய் நிற்பேன்? ஸ்டோரைக் கும்பிடு, பூப்போடு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அடுப்பைப் பற்ற வைக்காமல் இருக்க முடியவில்லையா உன்னால்?

எனக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. காரணத்தை மட்டும் எழுது.

சின்னச்சாமி


போடிமெட்டு
4.1.1983

தம்பிக்கு,

பால்சாமியைத் திட்டாதே. சர்வேயர் போகட்டும் தாயி என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டவர் அவர்தான். திறந்தது நான். தெரிந்தே திறந்தேன்.

பதினாறாம் தேதி காலை. பால்சாமி வீட்டு வாசலில் சத்தம் கேட்டு வெளியே வந்தால் இருபது இருபத்திரண்டு பேர் நிற்கிறார்கள். எல்லாம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற ஆட்கள். தலையில் பச்சைக்காய் மூட்டை. இந்தச் சரிவில் இருந்த ஐந்து ஸ்டோரில் நாலு மண்ணுக்குள் போய்விட்டது, நம்முடையது ஒன்றுதான் நிற்கிறது. ரோடு இல்லாமல் வேறெங்கும் கொண்டுபோக முடியாது. பறித்த காய் ஒரு நாள் தாங்கும், மிஞ்சினால் இரண்டு நாள். அப்புறம் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். இது உனக்குத் தெரியாதது இல்லை. மழை விட்ட இடைவெளியில் பறித்துவிட்டார்கள். வருஷம் முழுக்க அவர்கள் பார்க்கப் போவது அந்த மூட்டையைத்தான்.

யாரும் எதுவும் கேட்கவில்லை, தம்பி. விஷயம் அவர்களுக்குத் தெரியும். நாளை ஆபீஸர் வருகிறார், வேலுத்தாய் பூட்டித்தான் வைத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். மூட்டையை இறக்கவும் இல்லை. மழையில் அப்படியே நின்றார்கள். கூட்டத்தில் ராக்கையாவும் ஒரு மூட்டையோடு நின்றார். அவருக்கு மிஞ்சிய ஓரத்துச் செடியில் பறித்தது, தலையணை அளவுதான் இருக்கும்.

நான் கணக்கெல்லாம் போடவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்த ஸ்டோர் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் போனபோது, உள்ளே இருந்தவர்களைக் கீழே போடவில்லை. நான் மட்டும் சாவியை முடிந்துகொண்டு நிற்பதா? "பால்சாமி, வெறகு கொண்டாய்யா" என்றேன். அவர் அழுதுகொண்டே போனார்.

சர்வேயர் சொன்ன தேதியில் வரவில்லை. ரோடு இல்லாததால் மறுநாள், பதினெட்டாம் தேதி, நடந்தே ஏறி வந்தார். அடுப்பு ஜுவாலையாக எரிகிறது. பொம்பளைகள் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. அவரும் எதையும் கேட்கவில்லை. பையிலிருந்து கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. நம்பாமல் வேறு மூலையில் வைத்தார். அங்கேயும் நடுவில். நாலு மூலையிலும், வாசற்படியிலும், அடுப்படியிலும் வைத்துப் பார்த்தார். அப்புறம் தனியாக மேலே ஏறிப்போய் அந்த மொட்டைப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவு பெரிய மனிதர், பேண்டெல்லாம் சேறு, வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இருபத்தாறு வருஷமா இந்த வேலை பார்க்குறேன். விழுந்ததைத்தான் பார்த்திருக்கேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு உள்ள இருந்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க" என்றார். கூலிப் பட்டியலுக்கா சார் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். சொன்னேன். எழுதிக்கொண்டார். போகும்போது, "ஒங்களுக்குச் சாதகமா என்னால எழுத முடியாதும்மா" என்றார். எழுத வேண்டாம் சார் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ராக்கையா அவர் போன பிறகு வாயைத் திறந்தார். ஒரு மாதம் கழித்து! "ஆத்தா, என் நெலம் எங்க கெடக்கு? ஒன் மண்ணுக்கு அடியில. ஒன் தோட்டம் எங்க இருக்கு? என் நெலத்துக்கு மேல. இதுல யாரு யாரைக் காலி பண்ணச் சொல்றது? வந்ததுதான் வந்துட்ட, இருந்துக்க" என்றார். தோட்டத்தில் ஆளுக்குப் பாதி, ஸ்டோரிலும் பாதி என்று மெட்டில் நாலு பேர் முன்னால் பேசி முடித்திருக்கிறோம். மேலே எனக்கு எதுவும் இல்லை. இரண்டு ஏக்கரில் பாதி, ஒரு ஸ்டோரில் பாதி. ஆனாலும் சிலமலைக்கு இறங்கவில்லை.

உன் கோபம் ஆறவில்லை என்றால் இன்னும் இரண்டு கடிதம் திட்டி எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
வேலுத்தாய்


மதுரை
24.1.1983

அக்காவுக்கு,

இத்துடன் ஆபீஸ் கடிதம் ஒன்று வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இருக்கிறது. மெட்டு வாத்தியார் படித்துச் சொல்வார். சாராம்சம் இதுதான். காப்பீடு செய்த கட்டடம் பாலிசியில் கூறிய நான்கு எல்லைக்குள் முழுப் பயன்பாட்டில் இருப்பதால் நஷ்டஈடு தர இயலாது. டைப் அடித்தது நான். இந்த மாதிரி இல்லை என்று சொல்லும் கடிதம் பதினோரு வருஷத்தில் எத்தனையோ அடித்திருக்கிறேன். படிக்கிறவர் முகம் என் கண்முன் வந்ததே கிடையாது. இந்தத் தடவை வந்தது. வாசலில் மூட்டையோடு நின்ற இருபத்திரண்டு பேர் முகமும், நான் பார்த்ததே இல்லை என்றாலும், வந்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். இங்கிருந்து மலை தெரியாது. ஆனாலும் பார்த்தேன்.

சுந்தரராஜ் சாரின் ரிப்போர்ட் முழுவதும் போன வாரம்தான் சுத்தமாக டைப் அடிக்க என் மேஜைக்கு வந்தது. முதல் பக்கம் உனக்குத் தெரியும். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. விபத்துக்குப் பிறகு மிஞ்சிய பொருள்கள் என்ன என்று அதில் எழுத வேண்டும். எரிந்த ஆலை என்றால் இத்தனை இரும்பு, இத்தனை மரம் என்று எழுதுவார்கள். நம் கேஸில் நஷ்டமே இல்லை என்பதால் அதைக் காலியாக விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தன் கையெழுத்தில், மையால், பதினோரு பெயர் எழுதியிருக்கிறார். வயது, ஊர், சிராய்ப்பு இல்லை என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "இது பொருள் பட்டியல்ல வராதேய்யா, எடுத்துரு" என்றார். அவரும் கடுமையாகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். நான் சரி சார் என்றேன். எடுக்கவில்லை. பதினோரு பெயரையும் டைப் அடித்து, அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கோப்பில் வைத்து நூல் கோத்துத் தைத்து, ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே போனதை இனி யாரும் பிரிக்க மாட்டார்கள்.

பால்சாமி, ராமுத்தாய், கருத்தம்மா என்று வரிசையாக அடித்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பெயர் செல்லக்கிளி, வயது பத்தொன்பது. அந்த வரிக்கு வந்ததும் மெஷினில் எழுத்துத் தெரியவில்லை, அக்கா. இவளை உள்ளே வைத்துக் காப்பாற்றிய வீட்டைத்தான் நான் கொளுத்தச் சொன்னேன்.

உன் தம்பி,
சின்னச்சாமி